கத்தரித் தோட்டத்துச் சிலந்திகள்

தோட்டக்கலைத் துறையில் கள வேலை என்றால் பாதி நேரம் குனிந்து இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதுதான். தத்துப்பூச்சி எத்தனை, வெள்ளை ஈ எத்தனை என்று எண்ணும்போது, அவற்றைத் தின்னும் பூச்சிகளையும் சிலந்திகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். அப்படி எண்ணப்போய்தான் சிலந்தி இரை பிடிப்பதை நின்று பார்க்கும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது.

என்னை அதிகம் நிறுத்திவைப்பது வேலியோரத்துக் கையெழுத்துச் சிலந்தி. வலையின் நடுவில் வெள்ளை நூலால் நெளிநெளியாகப் பெருக்கல் குறி போட்டு, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டு தலைகீழாக இருக்குமே, அதுதான். வெட்டுக்கிளி வந்து விழுந்தால் ஓடிப்போய், பின்னங்கால்களால் நூலைப் பட்டையாக இழுத்து வீசி, இரையைச் சுற்றிச் சுற்றிப் பொதிந்துவிடும். கட்டி முடித்த பிறகுதான் கடி. உதைக்கும் கால்களை அருகே வைத்துக்கொண்டு கடிக்கப்போனால் அதற்கே ஆபத்து.

அந்துப்பூச்சி விழுந்தால் முறையே மாறிவிடுகிறது. முதலில் கடி, அப்புறம்தான் கட்டு. அந்துப்பூச்சியின் சிறகுச் செதில்கள் பசையில் ஒட்டிக் கழன்றுவிடும். செதிலை விட்டுவிட்டுப் பூச்சி நழுவிப்போய்விடும். கட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. பார்வை மங்கலான ஓர் உயிர், நூலின் அதிர்வையும் தொடுகையையும் வைத்தே விழுந்தது எது என்று பிரித்தறிகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது வியப்புதான்.

செடிக்குள்ளே இருப்பவை வேறு வகை. கால் முழுக்க முள்ளாக ஒரு சிலந்தி, இரை பிடிக்க வலையே பின்னாது. இலைக்கு இலை தாவி, பாய்ந்து பிடிக்கும். நண்டுச் சிலந்தி பூவிலேயே அசையாமல் காத்திருக்கும். தேனீயையும் விடாது. அது நமக்கு நஷ்டம்தான்.

“சார், எட்டுக்கால் பூச்சி நிறைய இருக்கு, மருந்து அடிச்சிரலாமா?” என்று கேட்பவர்களைக் கூட்டிப்போய் வலையில் தொங்கும் பூச்சிகளைக் காட்டுவேன். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் சிலந்திகளையும் சேர்த்துக் கொன்றுவிடும். வெள்ளை ஈ சில வாரங்களில் மறுபடி பெருகிவிடும். சிலந்தி அவ்வளவு வேகமாகத் திரும்பாது.

சிலந்தியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நான் சொல்வதில்லை. காய்த்துளைப்பான் புழு நுனித்தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் இருக்கும். அதைச் சிலந்தி தொட முடியாது. வாடிய நுனித்தண்டைக் கிள்ளி அழிக்க வேண்டும், இனக்கவர்ச்சிப் பொறி வைக்க வேண்டும். ஆனால் மருந்து கேட்டு வருபவரிடம், வேலியோரம் வலை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.