கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தேடி அந்திஜான் ஏடுகளுக்குள்

என் மனைவி உஸ்பெக் பெண். அவளுடைய அம்மா பிறந்தது உஸ்பெகிஸ்தானின் ஃபெர்கானா பள்ளத்தாக்கில், அந்திஜானை ஒட்டிய ஒரு கிராமத்தில். அந்த வீட்டுப் பெரியவர்கள் ஆண்வழிப் பெயர்களைத் தடங்கல் இல்லாமல் அடுக்குவார்கள். ஆனால் மாமியாருடைய அப்பாவைப் பெற்ற தாயின் பெயர் என்ன என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. தாத்தா, அதாவது மாமியாரின் அப்பா, கைக்குழந்தையாக இருந்தபோதே அந்தத் தாய் இறந்துவிட்டார். உஸ்பெக் பெயர்களில் அப்பாவின் பெயர் கூடவே வரும். அம்மாவின் பெயருக்கு அங்கே இடமில்லை. பிறப்புப் பதிவேட்டில் மட்டும் அவருக்கென்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத்தான் இறங்கினோம்.

பிறப்பு, திருமணம், விவாகரத்து, இறப்பு எல்லாவற்றையும் பதியும் அலுவலகத்துக்கு உஸ்பெக் மொழியில் நீளமான அதிகாரப்பூர்வப் பெயர் இருக்கிறது. மக்கள் வாயில் இன்றும் அது சோவியத் காலத்து 'ஸாக்ஸ்'தான். நீதி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஒவ்வொரு பதிவும் இரண்டு பிரதிகளாக எழுதப்பட்டது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஒன்று உள்ளூர் ஸாக்ஸில் தங்கும், மற்றொன்று மேலிடத்து ஸாக்ஸ் காப்பகத்துக்குப் போகும். ஒரு இடத்தில் இல்லை என்றால் தேடல் முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

தேடுகிறவருக்கு முதலில் வேண்டியது ஆளின் பெயரைவிட, பதிவு நடந்த இடமும் வருடமும்தான். ஏடுகள் பதிவான வருடப்படி, பதிவு எண் வரிசையில் கட்டப்பட்டவை, பிறந்த தேதிப்படி அல்ல. கிராமத்தில் பிறப்பைப் பதிந்தது கிராம சோவியத், அதாவது சோவியத் காலத்துக் கிராம நிர்வாக மன்றம். பனிக்காலத்தில் பிறந்த குழந்தையை வசந்தம் வந்த பிறகு, சில சமயம் இன்னும் வருடங்கள் கழித்தும் பதிந்திருக்கிறார்கள். கிராமத்துக் கூட்டுப் பண்ணைக்காரர்களில் பெரும்பாலோருக்கு 1970களின் நடுப்பகுதி வரை உள்நாட்டுப் பாஸ்போர்ட் என்ற அடையாள ஆவணமே கிடையாது. அதனால் பிறந்த தேதியைத் துல்லியமாகக் காட்ட வேண்டிய அவசரமும் அவர்களுக்குக் குறைவு. தாத்தாவின் பிற்காலக் காகிதங்களில் 1939 என்று இருந்தது. எங்கள் விண்ணப்பத்துக்கு ஓர் அலுவலகத்திலிருந்து முதலில் வந்த பதில், அந்த வருட ஏட்டில் அப்படி ஒரு பதிவு இல்லை என்பதுதான். அந்த வருடம் மட்டும்தான் பார்த்திருந்தார்கள். அடுத்த மூன்று வருடங்களின் ஏடுகளையும் பார்க்கும்படி எழுத்தில் கேட்ட பிறகு, 1940ஆம் ஆண்டு ஏட்டில் கிடைத்தது. வருடங்களை வாயால் சொல்லிவிட்டு வராமல் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

இடத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. குடும்பத்தில் எல்லோரும் அந்திஜான் மாகாணம் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரில் தனி மாகாணம் உருவானது 1941இல். அதற்கு முன் அது ஃபெர்கானா மாகாணத்தில் இருந்தது. 1940ஆம் ஆண்டுப் பதிவின் தலைப்பிலும் ஃபெர்கானா என்றே இருக்கிறது. இன்றைய வரைபடத்தை மட்டும் வைத்துத் தேடினால், இப்படிப்பட்ட பழைய ஏடுகளை எங்கே கேட்பது என்றே குழப்பம் வரும். தாஷ்கெண்டில் பல மாவட்டங்களுக்குப் பெயரே மாறிவிட்டது. ஹோஜந்த் நகரம் 1929இல் உஸ்பெக் குடியரசிலிருந்து தாஜிக் குடியரசுக்கே போய்விட்டது. பதிவு நடந்த வருடத்தில் அந்தக் கிராமம் எந்த மாவட்டம், எந்த மாகாணம் என்று முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எங்களுக்கு இதில் உதவியவர்கள் மஹல்லாவின், அதாவது அந்தக் குடியிருப்புப் பகுதியின் முதியவர்கள். பழைய கூட்டுப் பண்ணை எது, கிராம சோவியத் அலுவலகம் எந்த ஊரில் இருந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு நினைவில் இருந்தது.

விண்ணப்பத்தை என் மனைவி போடவில்லை, மாமியார்தான் போட்டார். மகள் கேட்பது ஒரே படி, பேத்தி கேட்டால் நடுவில் இன்னொரு தலைமுறையையும் நிரூபிக்க வேண்டும். மாமியாருடைய பிறப்புச் சான்றிதழில் தாத்தா அப்பாவாக இருக்கிறார். கல்யாணத்துக்குப் பின் மாமியாரின் குடும்பப் பெயர் மாறியதைத் திருமணச் சான்றிதழ் காட்டுகிறது. இவற்றோடு தாத்தாவின் இறப்புச் சான்றிதழும் மாமியாரின் அடையாள அட்டையும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது. நெருங்கிய உறவினர் யாரும் உள்ளூரில் இல்லாதவர்கள், வேறொருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து அதில் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணத்தை வெளிநாட்டிலும் ஏற்க வைக்கும் சான்று, வாங்கி அனுப்பலாம். உஸ்பெகிஸ்தான் அப்போஸ்டில் உடன்படிக்கையில் 2012 முதல் இருக்கிறது. உஸ்பெக் தூதரகம் வழியாகக் கேட்கும் வழியும் உண்டு.

நாங்கள் கேட்டது வெறும் சான்றிதழ் அல்ல, பதிவில் உள்ளது முழுவதையும் எழுதித் தரும் தகவல் சான்று. சான்றிதழில் பெற்றோரின் பெயர் இருக்கும், ஆனால் அவர்களுடைய வயது, தொழில், முகவரி போன்றவை பதிவேட்டில்தான் இருக்கும். குடும்ப வரலாற்றுக்கு அந்த விவரங்கள்தான் பொன்.

எழுத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1920களின் கடைசி வரை உஸ்பெக் மொழி அரபு எழுத்தில் எழுதப்பட்டது. அப்புறம் லத்தீன், 1940 முதல் ரஷ்ய மொழிக்குப் பயன்படும் சிரிலிக், 1993க்குப் பிறகு மறுபடி லத்தீன். தாத்தாவின் பதிவு பழைய லத்தீனில் இருக்கிறது. இன்றைய லத்தீனில் இல்லாத எழுத்துகள் அதில் உண்டு, அதனால் அலுவலகத்தில் இருந்த இளம்பெண்ணே இரண்டு இடங்களில் தயங்கினார். குடும்பப் பெயரையும் ஒரே வடிவத்தில் தேடக் கூடாது. உஸ்பெக்கில் கோதிரோவ் என்பது ரஷ்ய ஏட்டில் கதீரோவ் ஆகிவிடும். அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் அப்பா பெயரையும் மற்றவர் தாத்தா பெயரையும் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டதும் சாதாரணம். எங்கள் வீட்டிலேயே அப்படித்தான்.

திருமணப் பதிவு தேடுகிறவர்களுக்கு: நிக்காஹ் முடிந்து பல வருடம் கழித்து ஸாக்ஸில் பதிந்த தம்பதிகள் நிறைய. சோவியத் அரசின் 1944 ஜூலை 8ஆம் தேதி ஆணைக்குப் பிறகு, பதியாத திருமணத்தில் பிறந்த குழந்தையின் பதிவில் தந்தைக்கான கட்டத்தில் கோடு போட்டுவிடுவார்கள். 1968இல் புதிய குடும்பச் சட்டம் வரும் வரை இதுதான் நிலைமை. அந்தக் கோட்டைப் பார்த்து யாரும் தங்கள் பாட்டியைத் தவறாக நினைத்துவிடக் கூடாது.

1917 ரஷ்யப் புரட்சிக்கு முந்தைய காலத்துக்கு இந்த வழி உதவாது. துருக்கிஸ்தான் என்று அப்போது அழைக்கப்பட்ட இந்த மத்திய ஆசியப் பகுதியின் முஸ்லிம்களுக்குத் தேவாலயப் பிறப்பேடு போன்ற ஒன்று இருக்கவில்லை. காஜி (இஸ்லாமிய நீதிபதி) நீதிமன்ற ஆவணங்களில், சொத்து, பாகப்பிரிவினை வழக்குகளில்தான் பெயர்கள் அகப்படும்.

தகவல் சான்று கைக்கு வந்தது. தாயின் கட்டத்தில் பெயர், வயது 19, தேசிய இனம் உஸ்பெக், தொழில் கூட்டுப் பண்ணைத் தொழிலாளி. மாமியார் அந்தப் பெயரை உரக்கப் படித்தார், பிறகு தன் அக்காவுக்குப் போன் செய்து மறுபடி படித்தார். அந்த வயதை வைத்துப் பார்த்தால் அவர் 1920 வாக்கில் பிறந்திருக்க வேண்டும், அதற்குப் பதிவு கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் இறப்பு 1940க்கும் 1942க்கும் நடுவில்தான் நடந்திருக்கும். அந்த மூன்று வருட இறப்பு ஏடுகளுக்கு மாமியார் பெயரில் அடுத்த விண்ணப்பம் போட்டிருக்கிறோம், இந்த முறை ஃபெர்கானா, அந்திஜான் இரண்டு பெயர்களையும் எழுதி.