அட்வெந்து நாட்குறிப்பு, 2023

டிசம்பர் 3, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆயத்த காலமாகிய அட்வெந்தின் முதல் ஞாயிறு. பீடத்தில் ஊதா விரிப்பு போட்டுவிட்டார்கள். தூத்துக்குடி மாவட்டத்து எங்கள் நாசரேத் பக்கம் இந்த நாள் வந்தாலே பிள்ளைகளுக்கு ஸ்டார் கட்டுகிற நினைப்புதான். ஆனால் இந்த நான்கு வாரமும் பெத்லகேமுக்கு மட்டும் உரியவை அல்ல. அங்கே வந்து பிறந்த இயேசு மறுபடியும் வருவார் என்று நம்மை ஆயத்தப்படுத்தவும் சபை ஒதுக்கிவைத்த காலம் இது.

சபைப் போதகர் ஐயர் மத்தேயு சுவிசேஷம் 25-ஐ எடுத்துப் பேசினார். மணவாளனை எதிர்கொள்ள விளக்கோடு போன பத்து கன்னிகைகள். புத்தியுள்ள ஐந்து பேர் பாத்திரத்தில் எண்ணெயும் கொண்டுபோனார்கள்; மற்ற ஐந்து பேர் எண்ணெய் வாங்கப் போயிருந்தபோது அவர் வந்துவிட, கதவு அடைக்கப்பட்டது. ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்ட கதை. ஆனாலும் இன்றைக்கு ஒரு விஷயம் பிடித்துக்கொண்டது. மணவாளன் வரத் தாமதித்தபோது பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள், புத்தியுள்ளவர்களும் சேர்த்துத்தான். தூங்கினதற்காக யாரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. கண் அசருவதற்கு முன்பே பாத்திரத்தில் எண்ணெய் இருந்ததா, இல்லையா? அதுதான் கேள்வி.

என் பாத்திரத்தில் என்ன குறைகிறது என்று எனக்குத் தெரியும். ஏரலில் இருக்கிற அக்காவோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவை அடக்கம் பண்ணின மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிச் செலவுக் கணக்கில் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையை அவளிடம் சொன்னேன். கிறிஸ்துமஸுக்குள் பேசிவிட வேண்டும்.

டிசம்பர் 6, புதன்

சென்னை மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கிடக்கிறது. அதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, ஆண்டவருடைய இரண்டாம் வருகை எந்த மாதம் என்றே கணக்குப் போட்டு. மனசு வலித்தது. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று ஆண்டவரே சொன்ன பிறகு நமக்கு எதற்கு இந்தக் கணக்கு?

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரின் பேச்சைக் கேட்டவர்கள் 1844 அக்டோபர் 22-ஐ ஆண்டவர் வரும் நாளாகக் குறித்துவைத்துக் காத்திருந்தார்கள். சிலர் வயலில் விளைந்ததை அறுக்கவே இல்லை. மறுநாளும் வழக்கம்போல விடிந்தது. அவர்களுடைய ஆசையை என்னால் குறைசொல்ல முடியாது. அவரைப் பார்க்கத்தான் அவர்களும் ஏங்கினார்கள். அப்போஸ்தலன் பவுல் காலத்துத் தெசலோனிக்கேயா சபையிலும் வேலையை விட்டுவிட்டு அலைந்தவர்கள் இருந்தார்கள். உழைத்துச் சாப்பிடுங்கள் என்றுதான் பவுல் அவர்களுக்கு எழுதினார்.

டிசம்பர் 10, ஞாயிறு

அக்கா நம்பரை எடுத்தேன். அவளும் ஆராதனை முடிந்து இப்போதுதான் வந்திருப்பாள், சாயங்காலம் கூப்பிடலாம் என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் கூப்பிடவில்லை.

டிசம்பர் 14, வியாழன்

அந்தப் புத்தியுள்ள ஐந்து கன்னிகைகளும் ஏன் எண்ணெயைப் பகிர்ந்து கொடுக்கவில்லை? ரொம்ப நாளாக இது எனக்கு உறுத்தல். அன்பில்லாதவர்களா? இன்று ஜெபத்தில் வேறு மாதிரி தோன்றியது. என் மனைவி எனக்காக எவ்வளவு ஜெபித்தாலும், நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவள் எனக்குப் பதிலாகக் கேட்க முடியாது. அந்த எண்ணெய் கடன் வாங்குகிற சாமான் இல்லை.

டிசம்பர் 18, திங்கள்

கரண்ட் இல்லை, டவர் இல்லை. நோட்டில் எழுதுகிறேன், பிறகு ஏற்றுவேன். நேற்று அட்வெந்து மூன்றாம் ஞாயிறு, கோயிலுக்கு வந்தது பத்துப் பேர்கூட இல்லை. ராத்திரி முழுக்க ஒரே வேகத்தில் கொட்டியது. குளம் உடைந்துவிட்டது என்று யாரோ தெருவில் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

எங்கள் வீடு மேட்டில், முழங்கால் அளவுதான். பள்ளத்துத் தெருவில் இருந்தவர்களெல்லாம் கோயிலுக்குள் வந்துவிட்டார்கள். இருந்த அரிசியை எல்லாம் போட்டுக் கஞ்சி வைத்தோம். நோவாவின் காலத்தில், ஜலப்பிரளயம் வருமுன், புசித்தும் குடித்தும் இருந்தார்கள் என்ற வசனம் மனதை விட்டுப் போகவில்லை. அவர்கள் செய்ததாக அதில் ஒரு பாவமும் சொல்லியிருக்காது. உணராதிருந்தார்கள், அவ்வளவுதான். நானும் எட்டு நாளாகச் சாப்பிட்டேன், தூங்கினேன், போனை எடுத்து எடுத்து வைத்தேன். இப்போது ஏரலுக்கு எந்த வழியும் இல்லை. கதவு அடைக்கப்பட்டது என்றால் என்ன என்று இன்றுதான் தெரிகிறது.

டிசம்பர் 20, புதன்

யாரோ ரேடியோவில் கேட்டுவந்து சொன்னார்கள்: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டராம். ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன திருச்செந்தூர் ரயிலில் 800 பேர் மாட்டிக்கொண்டார்களாம்; புதுக்குடி கிராமத்து ஜனங்கள் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கிப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் அட்வெந்து அனுசரிக்கிறவர்களா என்று நான் கேட்கவில்லை. அதே மத்தேயு 25-இன் கடைசியில், "பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள்" என்கிறார் ராஜா. கன்னிகைகளை மட்டும் படித்துவிட்டு நான் எப்போதும் அங்கேயே மூடிவைத்துவிடுவேன்.

டிசம்பர் 21, வியாழன்

மதியம் டவர் வந்தது. ஆறாவது முறை அக்கா எடுத்தாள். மாடி வீட்டில் ஏறித் தப்பித்திருக்கிறாள். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு, என்னை மன்னிச்சிரு" என்றேன். பதில் வருவதற்குள் லைன் போய்விட்டது. கேட்டாளோ இல்லையோ.

டிசம்பர் 23, சனி

பாதி வழி பைக், மீதி நடை. எங்கே பார்த்தாலும் சாலை அறுந்து, வாழை முழுக்கப் படுத்துக் கிடக்கிறது. அக்கா வீட்டில் ஜன்னல் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றாள். "போன்ல சொன்னது கேட்டுச்சு" என்றாள். அப்புறம், "அந்த வாளிய எடுல, இருட்டுறதுக்குள்ள அடுக்களையக் கழுவணும்."

அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கு அலமாரிக்கு அடியில் சேற்றில் புதைந்து கிடந்தது. புளி போட்டு இரண்டு பேருமாகத் தேய்த்தோம்.

டிசம்பர் 24, ஞாயிறு

இந்த வருஷம் அட்வெந்து நான்காம் ஞாயிறும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளும் ஒன்றாக வந்திருக்கிறது. அக்காவின் சபையில் பெஞ்சுகள் வெயிலில் காய்கின்றன, தரையில் உட்கார்ந்தோம். சபையார் சேர்ந்து அறிக்கையிடும் விசுவாசப்பிரமாணத்தில் "நியாயந்தீர்க்க வருவார்" என்ற இடத்தில் சிறுவயது முதல் என் குரல் தாழ்ந்துவிடும். இன்று அவள் பக்கத்தில் நின்று சத்தமாகச் சொன்னேன்.

பின்கட்டில் இன்னும் ஒரு முழம் சேறு இருக்கிறது. மதியம் தொடங்க வேண்டும்.