கொல்கத்தா மாயாஜாலமும் பார்வைக் கோணமும்

நாடக அரங்கின் ஒளியமைப்புப் பிரிவில் வேலை பார்ப்பவருக்கு மாயாஜாலக் காட்சி தனி அனுபவம். நாடகமோ நடனமோ என்றால், எதைப் பளிச்சென்று காட்ட வேண்டும் என்பதிலிருந்து இயக்குநர் பேச்சைத் தொடங்குவார். மாயாஜாலக் கலைஞர் அரங்கத்துக்குள் நுழைந்ததும் மேடைக்குப் போவதில்லை. முன்வரிசையின் இரு கோடிகளிலும், மாடத்தின் மூலை இருக்கைகளிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, எந்தெந்த இருக்கைகளுக்குச் சீட்டு விற்கக் கூடாது என்று நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுத்தான் எங்களிடம் வருவார். கொல்கத்தா அரங்குகளில் நான் பணியாற்றிய ஆண்டுகளில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த நகரத்தின் மாயாஜால வரலாற்றைப் பற்றி மூத்த தொழிலாளர்களிடம் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் தெரிந்துகொண்டபோது, இந்த இருக்கைச் சோதனையே அவ்வரலாற்றின் மையம் என்று எனக்குத் தோன்றியது. பார்ப்பவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் கண்டுபிடித்த பதில்களாகவே கொல்கத்தாவின் மாயாஜாலத்தை நான் புரிந்துகொண்டேன்.

தெருவில் வித்தை காட்டியவருக்கு நான்கு பக்கமும் கண்கள் இருந்தன. தரையில் ஒரு துணி, தோளில் ஒரு பை, கையில் உடுக்கை, கூட ஒரு சிறுவன் என்பதே அவருடைய முழு அரங்கம். திரையும் கிடையாது, விளக்கும் கிடையாது, நண்பகல் வெயிலில் கிண்ணங்களுக்கு அடியில் பந்துகளை இடம் மாற்றிக் காட்ட வேண்டும். மாங்கொட்டையை மண்ணில் புதைத்துச் செடியாக வளர்த்துக் காட்டும் வித்தையில் துணியால் மூடுவதும் திறப்பதும் பல கட்டங்களாக நடக்கும். இடையிடையே வேறு வித்தைகள் நடக்கும். செடி கூட்டத்தின் நினைவிலிருந்து நழுவிய நேரத்தில்தான் அது வளரும். மேடையில் நாங்கள் விளக்கை அணைத்துச் செய்யும் வேலையை, அவர் பேச்சாலும் உடுக்கையாலும் சிறுவனோடு நடத்தும் வாக்குவாதத்தாலும் செய்தார். தொழில்நுட்பம் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த மரபில் மிகக் கடினமான நிலையில் வேலை செய்தவர்கள் அந்தத் தெருக்கலைஞர்களே. அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே சென்னை நினைவுக்கு வரலாம். 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சேஷால் என்று ஆங்கிலேயர் குறிப்பிட்ட முதியவர் ஒருவர், தரையிலிருந்து சில அடி உயரத்தில், ஒரு கையை மட்டும் ஊன்றியபடி காற்றில் அமர்ந்து காட்டினார். 1832-இல் லண்டன் வார இதழ் ஒன்று அதைப் படத்துடன் வெளியிட்டது. அவர் ஏறி அமரும்போதும் இறங்கும்போதும் உதவியாளர்கள் போர்வையைச் சுற்றிப் பிடித்து மறைத்தார்கள் என்று அந்தக் காலக் குறிப்புகள் சொல்கின்றன. திறந்தவெளியில் ஒரு திரைச்சீலை தேவைப்பட்ட தருணம் அது. பாரிஸில் ராபர்ட் ஊதான் தன் மகனை ஒற்றைக் கம்பின் மேல் படுத்த நிலையில் மிதக்கவைத்த புகழ்பெற்ற காட்சி 1840-களின் இறுதியில்தான் வந்தது.

கல்கத்தாவுக்கும் இப்படி ஒரு மிதக்கும் கதை உண்டு. அமெரிக்க மாயாஜாலக் கலைஞர் ஹாரி கெல்லர், 1875-76 குளிர்காலத்தில் வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்திருந்தபோது, பெருங்கூட்டத்தின் நடுவே ஒரு முதிய பக்கிரி காற்றில் எழுந்ததைத் தாம் பார்த்ததாக 1893-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். தொழில்முறைக் கலைஞர் ஒருவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு, தம் நாட்டு வாசகர்களுக்காக எழுதிய அந்த நினைவை நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மேற்கத்திய மேடைக் கலைஞர்கள் கிழக்கின் திறந்தவெளியை எவ்வளவு ஏக்கத்தோடு பார்த்தார்கள் என்பதற்கு அது நல்ல அடையாளம். அவர்களிடம் இருந்ததெல்லாம் மேடை. அதற்கு ஒரு பக்கம் மட்டுமே திறப்பு.

தெருவுக்கும் மேடைக்கும் நடுவில் கொல்கத்தாவில் சர்க்கஸ் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரியநாத் போஸ் நடத்திய கிரேட் பெங்கால் சர்க்கஸில் கணபதி சக்ரவர்த்தி சேர்ந்தார். 1858-இல் பிறந்து 1939-இல் மறைந்த அவரை வங்காளத்தின் நவீன மாயாஜாலத்துக்கு மூலவர் என்றே அங்கே மதிக்கிறார்கள். சர்க்கஸ் வட்டம் தெருவைப் போன்றதே. பார்வையாளர்கள் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் இருப்பார்கள். அதனால்தான் கணபதியின் பெயர்பெற்ற வித்தைகள் கட்டுகளிலிருந்து விடுபடும் வித்தைகளாக இருந்தன என்று நினைக்கிறேன். கூட்டத்திலிருந்து ஆட்கள் வந்து அவரைக் கயிற்றால் கட்டுவார்கள், பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார்கள், முடிச்சைச் சோதிப்பார்கள். சந்தேகப்படும் கண்களை விலக்காமல் அருகே அழைத்து வேலையில் ஈடுபடுத்திவிடுவது வட்ட அரங்கத்துக்கு ஏற்ற உபாயம். அவருடைய இன்னொரு காட்சிக்குக் கம்சனின் சிறை என்று பெயர். கண்ணன் பிறந்த இரவில் விலங்குகள் கழன்றதும் கதவுகள் தாமே திறந்ததும் அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் குழந்தைப் பருவத்திலிருந்தே தெரியும். தெரிந்த கதைக்குள் தெரியாத வித்தையை வைத்ததால், எதிர்பார்ப்பே பாதி வேலையைச் செய்து முடித்தது.

அவரிடம் கற்றவர்களில் ஒருவர், 1913-இல், இன்றைய வங்கதேசத்தில் உள்ள டாங்காயில் பகுதியில் பிறந்த பிரதுல் சந்திர சர்க்கார். உலகம் பி. சி. சர்க்கார் என்று அறிந்த இவர்தான் வட்டத்தை முழுவதுமாக விட்டு, ஒரு பக்கம் திறந்த சட்டக மேடைக்கு வந்து, அந்த மேடை தரக்கூடிய எல்லாவற்றையும் பயன்படுத்தியவர். மகாராஜா உடை, இறகு செருகிய தலைப்பாகை, வரைந்த திரைகள், இசைக்குழு, அடுத்தடுத்து மாறும் வண்ண விளக்குகள் என இந்திரஜால் என்ற பெயரில் அவர் நடத்தியது ஒரு முழுநீளத் தயாரிப்பு. ஆனாலும் அவர் தெருவை மறக்கவில்லை. காட்சி முழுவதும் அவ்வப்போது வந்துபோகும் ‘இந்தியாவின் நீர்’ என்ற உருப்படியில், ஒரு பாத்திரத்திலிருந்து தண்ணீர் முழுவதையும் கொட்டிக் காலி செய்வார்; சற்று நேரம் கழித்து அதே பாத்திரத்திலிருந்து மீண்டும் தண்ணீர் கொட்டும். அது நம் தெரு வித்தைக்காரர்களின் பழைய செம்பு வித்தை. மேடைப் பணியாளர் பார்வையில் அது மிகவும் பயனுள்ள உருப்படி: திரைக்குப் பின்னே அடுத்த காட்சிக்கான கருவிகள் நகரும் நேரத்தில், திரைக்கு முன்னே கலைஞர் கையில் வேலை இருக்க வேண்டும். மாங்கொட்டை வித்தையின் இடைவெளிகளை இதில் நான் தலைகீழாகப் பார்க்கிறேன். அங்கே மற்ற வித்தைகள் செடிக்கு நேரம் வாங்கிக் கொடுத்தன, இங்கே செம்பு மற்ற வித்தைகளுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது.

1956 ஏப்ரல் 9 அன்று லண்டனில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் அவர் செய்தது கொல்கத்தா மேடைக்காரர்களிடையே இன்றும் பேசப்படுகிறது. தீப்தி தே என்ற இளம் உதவியாளரை மேசையில் படுக்கவைத்துச் சுழலும் ரம்பத்தால் அறுத்துக் காட்டினார், பிறகு அவரை எழுப்ப முயன்றார், அவர் எழவில்லை. சர்க்கார் அந்தப் பெண்ணின் முகத்தை மூடினார். நெறியாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி கேமராவுக்கு முன் வந்து நிகழ்ச்சி முடிந்தது என்று விடைபெற்றார். நேரலையில் ஒரு பெண் கொல்லப்பட்டுவிட்டாள் என்று நினைத்தவர்களின் அழைப்புகளால் தொலைபேசி இணைப்புகள் திணறின. நிகழ்ச்சிக்கு ஒதுக்கிய நேரம் தீர்ந்துவிட்டதால் வித்தையை முடிக்க முடியவில்லை என்று பின்னர் விளக்கம் வந்தது. மறுநாள் செய்தித்தாள்கள் அந்தக் காட்சியைப் பற்றியே எழுதின. லண்டனில் அவருடைய மேடைக் காட்சிகளுக்குச் சீட்டுகள் தீர்ந்தன.

காட்சி நேரத்தைக் கணக்கிட்டு விளக்குக் குறிப்புகள் எழுதிப் பழகிய எவரும், அவ்வளவு தேர்ந்த கலைஞர் ஒருவர் தற்செயலாக நேரம் தவறினார் என்று நம்புவது கடினம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நான்கு பக்கக் கண்களிலிருந்து ஒரு பக்கக் கண்களுக்கு வந்திருந்த மரபு, அன்றிரவு லட்சக்கணக்கானோருக்கு ஒரே கண்ணாக, கேமராவாகச் சுருங்கியது. மூலை இருக்கை என்ற தொல்லையே அங்கே இல்லை. கோணத்தோடு முடிவு நேரமும் சட்டகத்தின் ஒரு விளிம்பு என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே கருதுகிறேன்.

அந்தக் காலக் கொல்கத்தா, ஒளியால் ஏமாறுவதற்கு மகிழ்ச்சியோடு பணம் கொடுத்த நகரம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1959-இல் மினர்வா அரங்கில் உத்பல் தத்தின் குழு நடத்திய நாடகம் ஒன்றில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் மூழ்கும் காட்சியைத் தாபஸ் சென் விளக்குகளின் துணையால் உருவாக்கினார். மேடையில் தண்ணீர் கிடையாது. தண்ணீர் ஏறுவதைப் பார்த்தவர்கள் மூச்சடைத்து உட்கார்ந்திருந்தார்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். நாடக ஒளியமைப்பாளர்களும் மாயாஜாலக் கலைஞர்களும் ஒரே நகரத்தில், ஒரே அரங்குகளின் சுவிட்சுப் பலகைகளில் வேலை செய்தவர்கள். ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார்களா என்பதை விட, இருவருக்கும் பழகிய ஒரே பார்வையாளர் கூட்டம் இருந்தது என்பதே எனக்குப் பெரிய செய்தி.

இனி என் சொந்த வேலையைப் பற்றி. மாயாஜால மேடையில் கறுப்பு வெல்வெட் துணியைப் போல் வேலை வாங்கும் பொருள் வேறில்லை. வெளிச்சத்தை விழுங்குவதற்காகத் தொங்கவிடப்படும் அந்தத் துணியில் ஒரு நூல் பிசிறு ஒட்டியிருந்தாலும், பக்கவாட்டு விளக்கு பட்டதும் மாடத்தின் கடைசி வரிசை வரை தெரியும். ஆகவே காட்சிக்கு முன் திரையைத் தூரிகையால் துடைப்பது ஒளிப் பணியாளரின் கவலையும் ஆகிவிடும். கொல்கத்தாவின் ஈரக்காற்றில் கண்ணாடிகள் வியர்க்கும். குளிர்சாதனத்தை எப்போது இயக்குவது என்பது கூட வித்தையின் ஒரு பகுதியாகும். புகை இயந்திரத்தை எல்லாரும் மாயாஜாலத்தின் நண்பன் என்று நினைப்பார்கள். ஆனால் புகை ஒளிக்கற்றைகளின் வடிவத்தைக் காட்டிக் கொடுப்பதால், எங்கிருந்து ஒளி வரவில்லை என்பதையும் சேர்த்துக் காட்டிவிடும். இவற்றுக்கு மேல் எதையும் சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை. ஒவ்வொரு கலைஞரும் எங்களுக்கு எங்கள் பங்கை மட்டுமே சொல்வார். இந்த எண்ணில் இந்த விளக்கு, இந்தச் சொல்லுக்குப் பின் இருள் என்பதோடு அது முடியும். அந்த எல்லைக்குள் நிற்பதை நான் அவமதிப்பாக உணர்ந்ததே இல்லை. ஒருவரின் பிழைப்பைக் காக்கும் வேலையில் எனக்கும் ஒரு பங்கு தரப்பட்டது என்றே எடுத்துக்கொண்டேன்.

எழுபதுகளில் வேலை பார்த்த மூத்தவர்கள் மின்வெட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். கொல்கத்தா அன்று நாள்தோறும் இருளில் மூழ்கிய நகரம். வித்தையின் நடுவே மின்சாரம் போனால் நாடக நடிகர் காத்திருக்கலாம். பாதி மறைந்த ஒருவர் காத்திருக்க முடியாது. மின்னழுத்தம் மெல்லக் குறையும்போதே திரையை இறக்கத் தெரிந்த பணியாளர்களைக் குழுக்கள் தங்களோடு வைத்துக்கொண்டன என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1971 ஜனவரியில் ஜப்பானியப் பயணத்தின்போது சர்க்கார் மறைந்தார். மகன் பிரதீப் சந்திர சர்க்கார் அங்கேயே காட்சிகளை ஏற்றுத் தொடர்ந்தார். கணபதியின் வழியில் வந்து கொல்கத்தாவில் வளர்ந்த குஜராத்தியரான கே. லால் நாடெங்கும் தம் குழுவோடு சுற்றினார். புலி, சிங்கம், கரடி, குரங்கு போன்றவற்றைக் காட்சிகளில் பயன்படுத்துவதற்கு வந்த தடையை உச்ச நீதிமன்றம் 2001-இல் உறுதி செய்த பிறகு பெருங்காட்சிகளின் வடிவம் மாறியது. அந்த மாற்றம் நியாயமானது என்பதே என் எண்ணம். பிரதீப் சர்க்கார் 1992-இல் பர்த்தமான் அருகே ஒரு ரயிலை மறையவைத்ததும், 2000-இல் தாஜ்மகாலைக் கண்ணிலிருந்து மறையவைத்ததும் பெரும் செய்திகளாயின. மாயாஜாலம் மீண்டும் திறந்தவெளிக்குப் போனது. ஆனால் இம்முறை பார்வையாளர் நிற்கும் இடத்தைக் கலைஞரே தீர்மானித்தார். வானத்தின் கீழ் ஒரு சட்டக மேடை என்றுதான் ஒளிக்காரனான எனக்கு அது தோன்றுகிறது.

இப்போது அரங்குகளில் எங்களுக்கு வந்திருக்கும் சிக்கல், பார்வையாளர் கையில் இருக்கும் கைப்பேசி. மனிதக் கண் வெளிச்சத்திலிருந்து இருளுக்குப் பழகச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். மேடை இருளை நாங்கள் கணக்கிடுவது அந்த நேரத்தை வைத்துத்தான். கைப்பேசியின் கேமரா அப்படித் தயங்குவதில்லை. அதோடு பதிவானதை வீட்டில் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். கலைஞர்களில் சிலர் படம்பிடிக்க வேண்டாம் என்று தொடக்கத்தில் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர் ஒரே ஒரு உருப்படியைப் படம்பிடிக்க அழைத்து, மற்ற நேரத்தில் கைப்பேசியை உள்ளே வைக்கச் சொல்கிறார்கள். இளையவர்கள் சிலர் மேடையை விட்டு இறங்கி, பார்வையாளர்களுக்கு நடுவே, முழு வெளிச்சத்தில், சீட்டுக்கட்டும் நாணயமும் மட்டும் வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிறார்கள். அவர்கள் நிகழ்ச்சிக்கு என்னிடம் கேட்பது சீரான பொது விளக்கு மட்டுமே. குறிப்புத்தாளில் எழுத ஒரே ஒரு வரிதான் இருக்கிறது என்றாலும், அந்த நிகழ்ச்சிகளுக்கு வேலை செய்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.