ஸ்பிதி நாட்குறிப்பு: கொடுத்தனுப்பிய பை

செப்டம்பர் 7, 2024, சனி. கல்பா

இன்று பிள்ளையார் சதுர்த்தி. வீட்டில் இருந்திருந்தால் இந்நேரம் பூரணத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். இங்கே காலை ஐந்தரைக்குச் சிம்லாவில் ஏறி உட்கார்ந்தது, மாலை ஐந்தே முக்காலுக்குத்தான் இறங்கினேன். முதுகு என்னுடையது மாதிரியே இல்லை. தங்குமிடத்தில் ஆவி பறக்க மோமோ வந்தது. தம்பி தட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, உப்புக் கொழுக்கட்டை வந்தாச்சு" என்றான். மடிப்பு கூட அதே மடிப்பு. பிள்ளையார் ஏற்றுக்கொள்வார் என்று சாப்பிட்டோம்.

இமாசலப் பிரதேச மலைகளுக்குள் இருக்கும் ஸ்பிதிக்கு இரண்டு வழி. மணாலியிலிருந்து போனால் சீக்கிரம். ஆனால் 2,000 மீட்டரில் இருக்கும் உடம்பை ஒரே நாளில் 4,551 மீட்டர் குன்சும் கணவாய்க்குத் தூக்கிப் போட வேண்டும். சிம்லா, கின்னோர் வழி நீளம், ஆனால் படிப்படியாக ஏறும். எனக்கு வயது 52. மெதுவான வழிதான்.

ஜன்னலுக்கு எதிரே கின்னர் கைலாசத் தொடர். கீழே ஆப்பிள் மரங்கள் காய் தாங்காமல் வளைந்து நிற்கின்றன. இப்போதைக்கு இது போதும், தூக்கம் வருகிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு. நாகோ

காப் என்ற இடத்தில் திபெத்திலிருந்து வரும் சட்லெஜில் ஸ்பிதி ஆறு வந்து சேர்கிறது. ஒன்று பால் குறைவாக ஊற்றிய காப்பி நிறம், மற்றொன்று சாம்பல். பாலத்தில் நின்று பார்த்தால் கொஞ்ச தூரம் வரைக்கும் இரண்டும் ஒட்டாமலே ஓடுகின்றன. அதற்கப்புறம் மரங்கள் நின்றுபோயின. பருவமழை இந்த மலைகளைத் தாண்டி வருவதில்லை; அந்தப் பக்கம் பாலைவனம்தான். பச்சை தெரிந்தால் அங்கே ஓர் ஊர் இருக்கிறது என்று அர்த்தம்.

நாகோ 3,660 மீட்டர். ஊர் நடுவே ஒரு சின்ன ஏரி, கரையில் வில்லோ மரங்கள். நம் ஊர்க் குளம் அளவுதான். ஒரு பாட்டி ஜெபச் சக்கரத்தைச் சுழற்றியபடி அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். "ஜூலே" என்றேன், "ஜூலே" என்றார். வணக்கம், நன்றி, போய்வருகிறேன் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லே போதுமாம். தலை லேசாக வலிக்கிறது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறேன், அதன் பலனாக இரவில் நான்கு முறை எழுந்திருக்கவும் வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 9, திங்கள். தாபோ

மல்லிங் ஓடையில் கல் உருண்டு வழி அடைத்திருந்தது. ஒன்றே கால் மணி நேரம் காத்திருந்தோம். டிரைவர் கின்னோர்ப் பையன், என்னைத் தீதி, அதாவது அக்கா என்பான். மேலே சரிவையே பார்த்துக்கொண்டு நின்றவன், "தூசி கிளம்பினால் ஓடுங்க தீதி, போட்டோ எடுக்காதீங்க" என்றான். தம்பி போனைப் பையில் போட்டான்.

மதியம் தாபோ. 3,280 மீட்டர், நாகோவை விடத் தாழ்வு. தலைவலி போன இடம் தெரியவில்லை. வெளியே இருந்து பார்த்தால் மடாலயம் என்றே சொல்ல முடியாது. மண் குழைத்துக் கட்டிய தடித்த சுவர்கள், ஜன்னல் இல்லை, தட்டைக் கூரை. தானியக் கிடங்கு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடலாம். கட்டியது 996இல், மேற்குத் திபெத்தில் இருந்த குகே நாட்டின் அரசர் யேஷே ஓ காலத்தில். அப்போது தஞ்சையில் ராஜராஜன் ஆண்டுகொண்டிருந்தான், பெரிய கோயில் முடிய இன்னும் 14 வருஷம் இருந்தது.

பூட்டியிருந்தது. நாளைக் காலை வரச் சொன்னார்கள்.

செப்டம்பர் 10, செவ்வாய். தாபோ

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஆறரைக்குப் புதுக் கூடத்தில் பூசை. 1975 நிலநடுக்கத்தில் பழைய கட்டடம் அடிபட்ட பிறகு கட்டியது இது. அது முடிந்ததும் ஒரு இளம் லாமா சாவியோடு வந்து பழைய கூடத்தைத் திறந்தார். போட்டோ கூடாது, டார்ச் அடிக்கலாம்.

உள்ளே நுழைந்தால் கும்மிருட்டு. தம்பி உடனே டார்ச்சைத் தட்டினான். லாமா கையால் மறைத்து, "கொஞ்சம் நில்லுங்க" என்றார். நின்றோம். வெண்ணெய் விளக்கின் வாசனை, பழைய மண்ணின் வாசனை. முதலில் தூண்கள் தெரிந்தன. அப்புறம் ஆள் உயரத்துக்கு மேலே சுவரிலிருந்து யாரோ குனிந்து பார்ப்பது போல ஒரு முகம். பக்கத்தில் இன்னொன்று. கூடத்தைச் சுற்றி முப்பதுக்கும் மேற்பட்ட களிமண் உருவங்கள், சுவரில் கால் ஊன்றாமல் காற்றில் உட்கார்ந்திருப்பவை போல. நடுவில் நான்கு திசையும் பார்க்கும் வைரோசன புத்தர். கூடமே ஒரு மண்டலம், பௌத்தர்கள் தியானத்துக்கு வரையும் சக்கரம் போல. நாம் அதற்குள் நிற்கிறோம் என்பது எனக்குப் புரிய பத்து நிமிஷம் ஆனது. கருவறையைப் பின்பக்கமாகச் சுற்றி வர ஒரு குறுகலான திருச்சுற்றும் உண்டு. நம் கோயில் காலுக்கு அது பழகிய வழி.

கீழ்ச் சுவர்களில் ஓவியம். ஒரு பக்கம் புத்தர் வரலாறு. இன்னொரு பக்கம் சுதனன் கதை. இந்தக் கதை எனக்குக் கொஞ்சம் தெரியும், இதைப் பார்க்கத்தான் முக்கியமாக வந்தேன். கண்டவியூக சூத்திரம் என்ற பௌத்த நூலில் வருவது. வணிகர் தலைவன் மகன் சுதனன் ஞானம் தேடித் தெற்கே கிளம்புகிறான். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பார்க்கிறான். துறவி, அரசன், மாலுமி, வாசனைத் திரவிய வியாபாரி, கணிகை, மணலில் விளையாடும் ஒரு சிறுவன் கூட. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு, "எனக்கு இவ்வளவுதான் தெரியும், மேலே வேண்டுமானால் இன்ன ஊரில் இன்னாரைக் கேள்" என்று அனுப்பிவிடுகிறார். தொடக்கத்திலேயே வரும் ஒருவர் மேகர். அவர் ஊர் தென்னாட்டில் வஜ்ரபுரம் என்ற திராவிடப் பட்டணம். அவரையே திராவிடர் மேகர் என்றுதான் சூத்திரம் சொல்கிறது. எழுத்து, ஒலி, மொழி பற்றி அறிந்தவர். மொழிக்கு நம்மாளிடம் அனுப்பியிருக்கிறார்கள்!

டார்ச் வட்டத்தில் கட்டம் கட்டமாகத் தேடினேன். கைகூப்பி நிற்கும் பையன் எல்லாக் கட்டத்திலும் இருக்கிறான், மெலிந்த இடுப்பும் பூப்போட்ட வேட்டியுமாக. அந்தத் துணியில் இருக்கும் சிறு சிறு வட்டங்களைக் கூட ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார். நீலம் இன்னும் நீலமாக இருக்கிறது. மேகர் எந்தக் கட்டத்தில் என்று பிடிபடவில்லை. லாமாவைக் கேட்டேன். சிரித்தார். "எனக்கு இந்தச் சுவர் அவ்வளவு தெரியாது. தங்கரில் ஒரு பெரியவர் இருக்கிறார், அவரைக் கேளுங்க."

தம்பி என்னைப் பார்த்தான், நான் தம்பியைப் பார்த்தேன்.

செப்டம்பர் 11, புதன். தங்கர்

பெரியவர் ஊரில் இல்லை, ஸ்பிதியின் பெரிய ஊரான காசாவுக்குப் போயிருக்கிறார். சரி.

தங்கர் என்றால் பாறைமேல் கோட்டை. ஒரு காலத்தில் ஸ்பிதியின் தலைநகரம். பழைய மடாலயம் 3,890 மீட்டரில், கரையான் புற்று மாதிரி அரித்து நிற்கும் மண்கூம்புகளின் முனையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே 'பின்' என்ற ஆறும் ஸ்பிதியும் கூடும் இடம் முழுக்கச் சரளைப் படுகை, அதில் நூல் நூலாகத் தண்ணீர். மடாலயத்தின் மாடியில் நின்றபோது எனக்கு அழகு முக்கியமாகப் படவில்லை. இது இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்றுதான் ஓடியது. உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்தில் இருக்கும் நூறு இடங்கள் என்று 2006இல் போட்ட பட்டியலில் தங்கரும் உண்டு.

ஏரிக்கு ஏற ஒரு மணி நேரம் என்றார்கள். எங்களுக்கு ஒன்றே முக்கால். பத்து அடிக்கு ஒரு தரம் நின்றேன். ஏரி பழுப்பு மலைகளுக்கு நடுவே பேசாமல் கிடக்கிறது. யாரும் இல்லை. சப்பாத்தியும் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டு இறங்கினோம்.

தங்கியது ஒரு வீட்டில். அந்த அம்மாவை எல்லாரும் 'அமா' என்கிறார்கள். எனக்கு வாய் தானாக அம்மா என்றே வந்தது, அவரும் திரும்பிப் பார்த்தார். கூரை விளிம்பு முழுக்கத் தீவனமும் சுள்ளியும் அடுக்கு அடுக்காக. ஆறு மாதக் குளிருக்கு அதுதான் சேமிப்பு. கழிப்பறை உலர் கழிப்பறை. மாடியில் தரையில் ஒரு துளை, பக்கத்தில் மண் குவியலும் ஒரு மண்வாரியும். முடித்ததும் இரண்டு வாரி மண் போட வேண்டும். தண்ணீர் கிடையாது. வசந்தத்தில் கீழ் அறையைத் திறந்து எருவாக வயலுக்கு எடுத்துப் போவார்கள். எனக்கு முதல் தடவை சங்கடமாகத்தான் இருந்தது. நாற்றம் இல்லை என்பதை நம்ப மறுத்துத் தம்பி இரண்டு முறை எட்டிப் பார்த்தான்.

ராத்திரி தந்தூரைச் சுற்றி உட்கார்ந்தோம். இங்கே தந்தூர் என்பது அறை நடுவே இருக்கும் தகர அடுப்பு, ரொட்டி சுடும் குழி இல்லை. மணாலி வழியாகத்தான் திரும்புகிறோம் என்று சொன்னதும் அமா எழுந்து போய் ஒரு துணிப்பை கொண்டுவந்தார். உள்ளே சுர்பி, கல்லாகக் காய்ந்த பாலாடைக்கட்டி. மகள் மணாலியில் படிக்கிறாள், கொடுத்துவிட முடியுமா என்றார். எண்ணை என் போனில் அவரே போட்டார்.

செப்டம்பர் 12, வியாழன். காசா

பெட்ரோல், ஏடிஎம், காப்பிக் கடை, சத்தம். நான்கு நாளைக்கு அப்புறம் ஹாரன் கேட்டது. தங்கர்ப் பெரியவரை விசாரித்தேன், காலையில் கிளம்பிவிட்டாராம்.

கீ மடாலயம் போனோம். எல்லாப் படத்திலும் வரும் அந்த அடுக்கடுக்கான வெள்ளைக் கட்டடங்கள். படத்துக்காகவே வந்தவர்கள் நிறைய. பழைய சமையலறையில் ஒரு லாமா எல்லாருக்கும் மூலிகைத் தேநீர் ஊற்றினார். அந்த அறைக் கரி பிடித்த உத்தரம்தான் எனக்குப் பிடித்தது.

செப்டம்பர் 13, வெள்ளி. காசா

லாங்சா, ஹிக்கிம். இரண்டுமே 4,400 மீட்டர் பக்கம். கோமிக் கிராமமும் திட்டத்தில் இருந்தது, தம்பிக்குத் தலை வெடிக்கிறது என்றான், விட்டுவிட்டோம். ஒரே நாளில் ஏழு இடம் 'முடிக்கும்' வண்டிகள் தூசி கிளப்பிக்கொண்டு போயின.

லாங்சாவில் ஒரு சிறுமி உள்ளங்கையை விரித்தாள். கறுப்புக் கல், நடுவில் சுருள் சுருளாக வரி. எனக்குத் திக்கென்றது. பாட்டியின் பூசைப் பெட்டியில் இருந்த சாளக்கிராமம். அதேதான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்தது டெதிஸ் கடல். இந்தியத் தட்டு ஆசியாவில் மோதியபோது அந்தக் கடலடி மேலே வந்து இந்த மலையானது. அதில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரின் ஓடுதான் நேபாளத்துக் கண்டகி ஆற்றில் சாளக்கிராமமாகக் கிடைக்கிறது. அந்தக் கறுப்புப் பாறைக்கு நிலவியலாளர் வைத்த பெயரே ஸ்பிதி ஷேல். பாட்டி தினமும் பாலாபிஷேகம் செய்தது ஒரு கடல் பிராணிக்கு என்று சொன்னால் என்ன சொல்லியிருப்பாள்? "அதனாலென்ன, பாற்கடலில் இருந்தவர்தானே" என்றிருப்பாள்.

விற்பதும் வாங்குவதும் கூடாது. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். சிறுமிக்கு ஏமாற்றம், எனக்கும்தான்.

ஹிக்கிம் தபால் நிலையம் 1983 முதல் இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு கார்டு போட்டேன். நான் வீட்டுக்குப் போன பிறகுதான் வந்து சேரும்.

செப்டம்பர் 15, ஞாயிறு. சந்திரதால்

நேற்று ஓய்வு, எழுத ஒன்றும் இல்லை.

குன்சும் கணவாயில் தேவி கோயிலை வண்டியோடு ஒரு சுற்று சுற்றித்தான் எல்லா டிரைவரும் இறங்குகிறார்கள். அங்கே கல்லில் காசை அழுத்தினால் ஒட்டிக்கொள்ள வேண்டும், ஒட்டினால் வேண்டுதல் பலிக்கும். டிரைவர் காசு ஒட்டியது. என்னுடையது மூன்று முறையும் விழுந்தது.

சந்திரதாலில் கூடாரம் போட ஏரிக்கரையில் அனுமதி இல்லை, கொஞ்சம் தள்ளித்தான். முன்பணம் வாங்கிக்கொண்டவர் சொன்ன கூடாரத்தில் எங்கள் பெயரே இல்லை. போனில் சிக்னலும் இல்லை. வேறொரு கூடாரத்தில் கெஞ்சி இடம் பிடிப்பதற்குள் எட்டு மணி. சாப்பாடு தீர்ந்துவிட்டது.

அதற்கு முன்னால் ஏரியைப் பார்த்துவிட்டோம் என்பது ஒரு ஆறுதல். வண்டி நிற்கும் இடத்திலிருந்து நடந்து ஒரு மேட்டைத் தாண்டினால் திடீரென்று நீலம். மாலை நகர நகர அது பச்சையாகி, ஈயமாகி, கடைசியில் எதிர்மலையின் பனியை மட்டும் வைத்துக்கொண்டது. பேச்சு வரவில்லை. விரல்களும் வரவில்லை, அவ்வளவு குளிர்.

நடு இரவில் கருக் முருக் என்று சத்தம். டார்ச் அடித்தேன். தம்பி போர்வைக்குள் சுர்பி கடித்துக்கொண்டிருந்தான்.

"டேய்!"

"ரெண்டே ரெண்டு துண்டுக்கா. பசி."

செப்டம்பர் 16, திங்கள். மணாலி

பாதல் வரை ரோடு என்று சொல்வது மரியாதைக்கு. அப்புறமும் கல்லும் ஓடையும்தான். அடல் சுரங்கம் ஒன்பது கிலோமீட்டர். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பாலைவனம் முடிந்து தேவதாரு காடு. காது அடைத்துத் திறந்தது.

அந்தப் பெண் சாயங்காலம் பேருந்து நிலையத்துக்கு வந்தாள். ஜீன்ஸ், ஒரு தோளில் பை. சுர்பிப் பையை முதலில் முகர்ந்து பார்த்தாள். தம்பி குனிந்த தலையோடு இரண்டு துண்டுக் கதையைச் சொன்னான். அவள் சிரித்து இன்னும் இரண்டு துண்டு எடுத்து அவன் கையில் வைத்தாள்.

அப்புறம் என்னிடம் கேட்டாள். "எங்க வீட்டுக் கூரை பார்த்தீங்களா ஆன்ட்டி? தீவனம் எவ்வளவு உயரம் அடுக்கியிருக்கு?"

கையை என் இடுப்பு வரை வைத்துக் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்து மார்பு வரை உயர்த்தி, "இவ்வளவு வரணும்" என்றாள். "அமா தனியாத்தான் அறுக்கிறாங்க போல." போனை எடுத்து நடந்தாள்.