பம்ப் போட்டால் விளக்கு மங்குகிறது

எங்கள் மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கித் தூங்குகிற வீட்டு வண்டி, 1978 மாடல். அமெரிக்காவில் மிச்சிகனில் வாங்கியது, இதற்கு முன்னால் வைத்திருந்தவரும் இங்கேயேதான் ஓட்டியிருக்கிறார். பனிக்காலத்தில் இந்த ஊர்ச் சாலைகளில் பனி உருக உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போன கோடையில் டக்வாமெனன் அருவிக்குப் போயிருந்தோம், தேயிலைத் தண்ணீர் நிறத்தில் விழுமே அதுதான். ராத்திரி காட்டுக்குள் ஒரு கேம்ப்பில் தங்கினோம், அங்கே கரண்ட் கிடையாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் பம்ப் முக்கி முனகி ஓடுகிறது, அதோடு உள்ளே இருக்கிற விளக்கெல்லாம் மங்கிப் போகிறது. பம்ப் நின்றால் விளக்கு பழையபடி எரிகிறது. ஆனால் கரண்ட் இருக்கிற இடத்தில் பிளக்கைச் செருகிவிட்டால் ஒரு குறையும் இல்லை. சரி, பேட்டரிதான் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, ஊர் திரும்பியதும் புதுசு வாங்கிப் போட்டேன். அன்று ராத்திரி வாசலிலேயே பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சோதித்தோம், அதே மங்கல். "ஏங்க, இன்னைக்குப் போட்ட புது பேட்டரிதானே இது?" என்றாள் மனைவி.

பழைய மோட்டார்ஹோமில் இரண்டு மின் உலகங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒன்று, வெளியே பிளக் செருகினால் வரும் 120 வோல்ட். இன்னொன்று, விளக்கு, பம்ப், ஹீட்டரின் காற்றாடி எல்லாவற்றையும் ஓட்டுகிற 12 வோல்ட் பேட்டரி. இரண்டுக்கும் நடுவில் கன்வெர்ட்டர்: பிளக் செருகியிருக்கும்போது 120 வோல்ட்டை 12 ஆக்கி விளக்கு, பம்ப்புக்குக் கொடுக்கும், பேட்டரியையும் சார்ஜ் செய்யும். ஒயர் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்: காரில் கறுப்பு என்றால் நெகட்டிவ், ஆனால் இந்த மாதிரி வண்டிகளின் வீட்டுப் பகுதியில் பெரும்பாலும் வெள்ளைதான் நெகட்டிவ். 120 வோல்ட் பக்கத்திலோ கறுப்பைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் பேனலைத் திறக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள், ஜெனரேட்டரையும் நிறுத்துங்கள்.

கன்வெர்ட்டரையும் மாற்றிவிடலாம் என்றுதான் யோசித்தேன். நல்ல வேளை, அதற்குள் மல்டிமீட்டரை எடுத்தேன். பம்ப்பை நிறுத்திவிட்டு அதன் ஒயரில் அளந்தால் 12.6 வோல்ட், முழுசாக. இந்த அளவு நம்மை ஏமாற்றும். மின்னோட்டமே இல்லாதபோது, ஒரே ஒரு இழை மட்டும் மிச்சம் இருக்கிற ஒயர் கூட மீட்டரில் 12.6 காட்டும், ஏனென்றால் மீட்டர் கேட்பது துளி மின்சாரம்தான். வேலை செய்யும்போது அளக்க வேண்டும். பம்ப்பை ஓடவிட்டு அளந்தேன். பேட்டரி முனையில் 12.5, பம்ப்பில் 10.4. நடுவில் 2.1 வோல்ட்டை யாரோ தின்கிறார்கள்.

எங்கே என்று கண்டுபிடிப்பது நிஜமாகவே எளிது, இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனையை பம்ப்பின் பாசிட்டிவில் வைத்தேன். மனைவி உள்ளே நின்று குழாயைத் திறந்தாள். 0.3 வோல்ட். கண்ணாடி பியூஸைப் பிடிக்கிற கிளிப்பில் களிம்பு ஏறியிருந்தது, அது சின்ன விஷயம். அப்புறம் நெகட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு வைத்தேன். 1.8 வோல்ட்! போகிற வழி நன்றாக இருக்கிறது, திரும்பி வருகிற வழிதான் அடைத்திருக்கிறது. நம்ம ஊர் மெக்கானிக்குகள் பாடி எர்த் என்பார்களே, அது.

அதற்கப்புறம் அந்த வழியைத் துண்டு துண்டாக அளந்துகொண்டே போனேன். பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் சேஸிக்கும், அதாவது வண்டியின் இரும்பு அடிச்சட்டத்துக்கும், நடுவில் இழப்பு ஒன்றுமில்லை. சேஸிக்கும், வண்டியின் வீட்டுப் பகுதியிலிருந்து வருகிற தடித்த எர்த் ஒயருக்கும் நடுவில் 1.6. ஏறுபடிக்குப் பின்னால், சக்கரம் உப்புச் சேற்றை வாரி இறைக்கிற இடத்தில், ஒரே ஒரு போல்ட். வெளியே பார்த்தால் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றினால் லக், அதாவது ஒயர் நுனியில் போல்ட் மாட்டுகிற உலோக வளையம், முழுக்கப் பச்சை, அதன் அடியில் இரும்பு அடுக்கடுக்காகத் துரு. பம்ப் 7 ஆம்பியர் இழுக்கும், அதை 1.6 வோல்ட்டால் பெருக்கினால் 11 வாட்டுக்கு மேல், அவ்வளவும் அந்த போல்ட்டிலேயே சூடாகப் போய்க்கொண்டிருந்தது.

பிளக் செருகினால் ஏன் சரியாகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. எங்கள் வண்டியில் கன்வெர்ட்டரின் நெகட்டிவ் உள்ளேயே விளக்குகளோடு சேர்ந்துவிடுகிறது, இந்த போல்ட்டை அது தொடுவதே இல்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதற்கு மட்டும் இதைத் தாண்டியாக வேண்டும், அதனால் சார்ஜும் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறியிருக்கிறது. பழைய பேட்டரி மேல் ஒரு தப்பும் இல்லை.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு, சேஸியை உப்புத்தாளால் பளபளப்பாகும் வரை தேய்த்தேன். ஒயரின் நுனியை வெட்டி, செம்பு நிறம் தெரிகிற இடத்தில் புது லக் அழுத்தினேன். புது போல்ட், பல் வாஷர், இறுக்கிய பிறகு மேலே வாசலின். வாசலினைத் தடவிவிட்டு இறுக்காதீர்கள், உலோகமும் உலோகமும் நேராகக் கடிக்க வேண்டும்.

இன்னொன்று, இது வேறு விஷயம் என்றாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 30 ஆம்பியர் மோட்டார்ஹோம் பிளக் 120 வோல்ட்டுக்கானது. பார்ப்பதற்குத் துணி உலர்த்தும் மெஷினின் பிளக் போல இருப்பதால், வீட்டில் புதிதாக சாக்கெட் வைக்க வருகிறவர் 240 வோல்ட் கொடுத்துவிடுவது உண்டு. செருகிய அந்த நொடியே கன்வெர்ட்டர் முதல் எல்லாம் கருகிவிடும். செருகுவதற்கு முன் மீட்டரை வைத்துப் பாருங்கள். இறங்கி நின்று வண்டியின் தகரத்தைத் தொடும்போது கை லேசாகச் சுண்டினாலும் உடனே மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்குங்கள், 120 வோல்ட் பக்கத்து எர்த் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாம் முடிந்து மறுபடி அளந்தபோது அந்த போல்ட்டில் 0.03 வோல்ட். பியூஸ் கிளிப்பையும் தேய்த்துவிட்டேன். ராத்திரி பிளக் இல்லாமல் மனைவி குழாயைத் திறந்தாள், நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. அடுத்தது பின்பக்க இடது இண்டிகேட்டர், அதுவும் எர்த்தாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.