அன்னாயா கல்லறைக்கு முன் பெக்கா கஃப்ரா

லெபனானுக்குத் திருப்பயணம் செல்லும் நம் கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர், புனித சார்பேலின் கல்லறை அமைந்துள்ள அன்னாயா மடத்தில் மன்றாடி, மந்திரித்த எண்ணெயும் பஞ்சும் பெற்றுக்கொண்டு, அத்துடன் பயணத்தை முடித்துக்கொள்கின்றனர். கல்லறை தரும் ஆறுதலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் அந்தத் துறவி எதைத் துறந்தார் என்பதை உணர வேண்டுமானால், அவர் 1828 மே 8 அன்று பிறந்து 23 வயது வரை வாழ்ந்த பெக்கா கஃப்ரா என்னும் மலைக் கிராமத்தை முதலில் காண வேண்டும் என்பதே, என் தாயாருடன் அங்கே சென்று வந்தபின் எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம்.

பெய்ரூட்டிலிருந்து மத்தியதரைக் கடலை இடப்புறம் வைத்துக்கொண்டு வடக்கே சென்று, சேக்காவை ஒட்டி உள்நாட்டுப் பக்கம் திரும்பினால், கூரா சமவெளியின் ஒலிவத் தோப்புகள் வெகுதூரம் உடன் வருகின்றன. அதன்பின் சாலை வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. ஏற ஏற, ஒருபுறம் காதிஷா பள்ளத்தாக்கு ஆழமாகத் திறந்துகொள்கிறது. செங்குத்தான பாறைச் சுவர்களில் குகைகளும், குகைகளையே கருவறையாகக் கொண்ட சிற்றாலயங்களும் மடங்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உரோமையுடன் ஒன்றித்த கீழைத் திருச்சபைகளில் ஒன்றான மாரோனைட் திருச்சபையின் மக்கள் நூற்றாண்டுக்கணக்கில் அடைக்கலம் தேடியது இந்தப் பள்ளத்தாக்கில்தான். அவர்களுடைய தலைமை ஆயர்களான மறைமுதுவர்கள் 15ஆம் நூற்றாண்டு முதல் நெடுங்காலம் இதன் அடியிலுள்ள கன்னூபின் மடத்திலிருந்தே திருச்சபையை வழிநடத்தினர். 1998இல் யுனெஸ்கோ இதனையும் அருகிலுள்ள கேதுரு வனத்தையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எங்கள் வாகன ஓட்டுநர் ஒவ்வொரு திருப்பத்திலும் சிலுவை அடையாளம் வரைந்தார். பள்ளத்தாக்கின் ஆழத்தைக் கண்ட என் தாயாரும் செபமாலையைக் கையிலிருந்து இறக்கவில்லை.

லெபனானின் மிக உயரமான கிராமம் என்று பெயர் பெற்ற பெக்கா கஃப்ரா, கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மேலே, பிஷர்ரி ஊருக்கு எதிரே, பள்ளத்தாக்கின் தென்புறச் சரிவில் அமர்ந்திருக்கிறது. கல்லடுக்கிக் கட்டிய படிவயல்களில் ஆப்பிள் மரங்கள் பச்சைக் காய்களுடன் நின்றன. புதிய கான்கிரீட் வீடுகளுக்கு இடையே பழைய கல்வீடுகள் இன்னும் எஞ்சியுள்ளன. கனத்த சுவர்களின்மேல் மரத்தண்டுகளைக் குறுக்காகக் கிடத்தி, அவற்றின்மேல் சுள்ளிகளைப் பரப்பி, மண்ணைப் பூசித் தட்டையாகக் கூரை அமைப்பது இம்மலைமக்களின் பழைய வழக்கம். அப்படிப்பட்ட ஒரு கூரையின்மேல் உருண்டையான கல் உருளை ஒன்று கிடந்தது. மழையும் பனியும் மண்ணை இளக்கிவிடும் என்பதால், குளிர்காலத்தில் வீட்டார் பனியை வாரித் தள்ளிவிட்டு, இந்த உருளையை முன்னும் பின்னும் இழுத்து மண்ணை இறுக்குவார்கள்; ஒருநாள் விட்டாலும் கூரை ஒழுகும். இத்தகைய வேலைக்கிடையில்தான் அந்தச் சிறுவன் செபிக்கக் கற்றுக்கொண்டான் என்பதை நினைத்தபோது, அவருடைய பிற்கால வாழ்வின் கடுமை எனக்கு அயலாகத் தோன்றவில்லை.

அவர் பிறந்த வீடு இப்போது திருப்பயணிகளின் வழிபாட்டிடமாகப் பேணப்படுகிறது. தாழ்வான வாசலில் தலைகுனிந்தே நுழைய வேண்டும். அந்தூன் மக்லூப், பிரிகித்தா தம்பதியரின் ஐந்து பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை அவர். திருமுழுக்கில் இட்ட பெயர் யூசுப். பிள்ளைக்கு மூன்று வயதானபோது, துருக்கிய படைக்குச் சுமை ஏற்றிச் செல்லும் கட்டாய ஊழியத்திற்குப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தை வீடு திரும்பாமலேயே இறந்தார். பின்னர் தாய் மறுமணம் செய்துகொண்டவர், திருமணமானவர்களும் குருத்துவம் பெறலாம் என்னும் கீழைத் திருச்சபை மரபின்படி குருவானவர். தாயின் சகோதரர்கள் இருவரோ, பள்ளத்தாக்கிலுள்ள கொஸ்ஹாயா புனித அந்தோணியார் மடத்தைச் சார்ந்த தவமுனிவர்கள். ஆகவே பலிபீடமும் தவக்குகையும் அந்தப் பிள்ளைக்குச் சொந்தவீட்டு விஷயங்களாகவே இருந்தன.

கிராமத்திற்கு வெளியே, ஊரார் புனிதரின் குகை என்று அழைக்கும் பாறையிடுக்கு ஒன்று உள்ளது. மாடு மேய்க்கச் சென்ற சிறுவன் யூசுப் மாதா படத்தை அங்கே வைத்து, மாட்டைப் பார்த்து, "நான் செபம் முடிக்கும்வரை நீ படுத்திரு" என்று சொல்லிவிட்டு முழந்தாளிடுவான் என்று ஊர்மரபு சொல்கிறது. நாங்கள் சென்றபோது, பாறையில் மெழுகு வழிந்து தடித்திருந்தது. யாரோ கொண்டுவந்து வைத்த காட்டுப் பூக்கள் வாடத் தொடங்கியிருந்தன. வெளியே மாடொன்றும் இல்லை, தேனீக்களின் இரைச்சல் மட்டும் இருந்தது. என் தாயார் அந்தக் குளிர்ந்த பாறைத் தரையிலேயே அமர்ந்து ஐம்பத்து மூன்று மணியையும் நிதானமாகச் சொல்லி முடித்தார்.

நாங்கள் சென்றது ஜூலை மாதத்தில். இலத்தீன் திருவழிபாட்டு நாட்காட்டியில் புனிதரின் நினைவுநாள் ஜூலை 24. மாரோனைட் திருச்சபையிலோ ஜூலையின் மூன்றாம் ஞாயிறு அவருக்குரிய பெருவிழா. கோயில் நிரம்பி, மக்கள் வெளியே வெயிலிலும் நின்றனர். வழிபாடு பெரும்பாலும் அரபியில் நடந்தது; ஆனால் "காதிஷாத் அலோஹோ" என்று தொடங்கும் தூய்மைப் புகழ்ச்சியையும், அப்ப ரசத்தை அர்ச்சிக்கும் வாக்கியங்களையும் சுரியானியில் பாடினர். இயேசு பேசிய அரமேய மொழியின் கிளைதான் அது. கேரளத்தின் சுரியானித் திருச்சபைகளில் இதே மரபின் பாடல்களைக் கேட்டவர்களுக்கு அந்த இராகத்தின் இழுவை ஓரளவு பழக்கமானதாகவே இருக்கும். அரபியில் ஒரு சொல்லும் அறியாத என் தாயார், அர்ச்சிப்பின் நேரத்தை மணியோசைக்கு முன்னரே உணர்ந்து தலைவணங்கினார்.

பூசைக்குப்பின் பெரிய கொப்பரைகளிலிருந்து ஹரீசே பரிமாறினர். கோதுமையையும் இறைச்சியையும் இரவெல்லாம் நீண்ட மரத்துடுப்பால் கிளறிக் குழைய வேகவைத்த உணவு அது. நம் தென்மாவட்டத்துக் கோயில்களில் நடக்கும் அசனத்தைப் போலவே, யார் எவர் என்று கேட்காமல் வந்தவர் கையிலெல்லாம் தட்டைக் கொடுத்தார்கள். ஒரு மூதாட்டி "அஹ்லா வ சஹ்லா" என்று அரபியில் வரவேற்பு கூறி என் தாயாரைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று தம் வீட்டுத் திண்ணையில் அமர்த்தி, முசுக்கொட்டைப் பழச் சர்பத்தை ஊற்றித் தந்தார். இருவருக்கும் பொதுமொழி இல்லை. ஒருவர் மாதாவின் பதக்கத்தைக் காட்ட, மற்றவர் வேளாங்கண்ணி மாதாவின் சிறு படத்தை எடுத்து நீட்ட, அந்தப் படம் அங்கேயே தங்கிவிட்டது.

கொஸ்ஹாயா மடத்தையும் கேதுரு வனத்தையும் சுருக்கமாகவே சொல்கிறேன். மலைப்பாறையோடு பாறையாக அமைந்த கொஸ்ஹாயாவில் 1610இல் அச்சிட்ட திருப்பாடல் நூல், சுரியானியிலும் சுரியானி எழுத்தில் எழுதிய அரபியிலும் அமைந்தது. அந்த மடத்தின் அச்சகப் பெருமை அங்கே இன்றும் காட்டப்படுகிறது. பிஷர்ரிக்கு மேலேயுள்ள கேதுரு மரங்களின் கீழ் நின்று, நீதிமானைக் கேதுருவுக்கு ஒப்பிடும் திருப்பாடலை வாய்விட்டு வாசித்தோம். ஆடுகள் இளங்கன்றுகளை மேய்ந்து அழிக்காதபடி 1876இல் இங்கிலாந்தின் விக்டோரியா அரசியார் பொருளுதவி செய்து எழுப்பிய கல்மதில் இன்னும் அந்த வனத்தைக் காத்து நிற்கிறது.

இவ்வளவையும் பார்த்தபின்தான் 1851ஆம் ஆண்டின் பொருள் எனக்கு விளங்கிற்று. அந்த ஆண்டில் யூசுப் வீட்டாரிடம் விடைபெறாமலேயே ஊரைவிட்டு வெளியேறி மைஃபூக் மடத்தில் சேர்ந்தார். பழங்கால மறைச்சாட்சி ஒருவரின் பெயரான சார்பேல் என்பதை ஏற்றார். கிஃபீஃபானில் இறையியல் கற்று, 1859இல் குருவானார். அதன்பின் தம் சொந்த ஊரை அவர் மிதிக்கவே இல்லை. மலைகள் பல கடந்து தாய் அன்னாயாவுக்கு அவரைக் காண வந்தபோது, உள்ளிருந்தபடியே பேசினாரேயன்றி முகம் காட்டவில்லை என்றும், விண்ணகத்தில் சந்திப்போம் என்று சொல்லி அனுப்பினார் என்றும் மடத்தின் மரபு கூறுகிறது. இந்த நிகழ்ச்சியை நான் முன்பே படித்திருந்தேன்; படிக்கும்போதெல்லாம் அந்தத் தாய்க்காக மனம் வருந்தியதுண்டு. அன்னாயா மடத்தின் முற்றத்தில் இதை என் தாயாரிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெத்தவள் அழுதுட்டு ஊருக்குப் போயிருப்பாள் தம்பி, கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளை யார்கிட்டே போய் அழுதிருக்கும்?" என்றார். துறவு என்பது அன்பில்லாமை என்று எண்ணிவிடும் ஆபத்திலிருந்து அந்த ஒரு கேள்வி என்னைக் காப்பாற்றியது. பெக்கா கஃப்ராவின் திண்ணையையும் ஆப்பிள் மரங்களையும் பார்க்காமல் வந்திருந்தால், என் தாயார் அப்படிக் கேட்டிருப்பாரா என்பது ஐயமே.

அன்னாயாவில் 16 ஆண்டுகள் மடத்திலும், 1875 முதல் 23 ஆண்டுகள் அதற்கு மேலேயுள்ள தவமடத்திலும் அவர் வாழ்ந்தார். திராட்சைத் தோட்டத்தில் உழைப்பு, நாளுக்கு ஒருவேளை உணவு, தலைக்கு ஒரு மரக்கட்டை. ஊரில் கற்ற உழைப்பையும் பொறுமையையும் அவர் விட்டுவிடவில்லை, அவற்றை முழுவதுமாகக் கடவுளிடம் ஒப்படைத்தார் என்றே நான் நம்புகிறேன். 1898 டிசம்பர் 16 அன்று திருப்பலி ஒப்புக்கொடுக்கையிலேயே வாதம் தாக்கி, கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய இரவில் இறந்தார். திருத்தந்தை ஆறாம் பவுல் 1977 அக்டோபர் 9 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

செல்ல விரும்புவோர் கோடைக்காலத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது. குளிர்காலத்தில் பனி சாலைகளை மூடுவதுடன், கிராமத்தாரில் பலரும் கடற்கரை ஊர்களுக்கு இறங்கிவிடுகின்றனர். நாட்டின் நிலவரத்தையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணி 1993 ஜனவரி 22 அன்று குணமடைந்ததன் நினைவாக, ஒவ்வொரு மாதமும் 22ஆம் தேதி அன்னாயாவில் தவமடத்திலிருந்து மடம் வரை பவனி நடைபெறுகிறது. ஆகவே 20ஆம் தேதி வாக்கில் மலையேறி, பெக்கா கஃப்ராவில் வீட்டையும் குகையையும் அவசரமின்றித் தரிசித்து, 21ஆம் தேதி மாலைக்குள் அன்னாயாவுக்கு இறங்கிவிட்டால், மறுநாள் பவனியில் ஊர்மக்களோடு சேர்ந்து நடக்கலாம்.