கிளி இருந்துச்சாம்மா?

பட்டுப்புடவை ஆறு வருஷமாக மஞ்சள் துணியில் முடிந்தபடி பீரோவிலேயே இருந்தது. மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போன காலத்தில், கல்யாணம் கூடினால் ஜோடியாகக் கூட்டிவந்து சாத்துகிறேன் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளிடம் நேர்ந்துகொண்டது. 2019 தையில் கல்யாணம். மாசியில் கனடா போனவள்தான். முதலில் கொரோனா, அப்புறம் விசா, அப்புறம் கைக்குழந்தை. பேத்தியைப் போனில்தான் கொஞ்சுகிறேன். "நேர்த்திக்கடனைத் தள்ளிப் போடாதம்மா, நீயே போய்ச் சாத்திட்டு வா" என்று அவளே சொன்ன பிறகு, இந்த ஆடி வெள்ளிக்கு மதுரையிலிருந்து முதல் பஸ் ஏறினேன்.

11 நிலைக் கோபுரத்தைப் பார்த்ததும் கை தானாகக் குவிந்தது. உள்ளே கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். வாசலிலேயே ஒருவர், "500 ரூபாய் கொடுங்கம்மா, நேரே தாயார் முன்னாடி நிறுத்துறேன்" என்று விடாமல் பின்னாலேயே வந்தார். வயிறெரிந்தது. தாயாரைப் பார்க்க நடுவில் தரகு எதற்கு? மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. முன்னால் நின்ற சாத்தூர்க்கார ஆச்சி, "என் தோளைப் பிடிச்சுக்கோ தாயி" என்றார். அவர் நன்றாயிருக்க வேண்டும்.

சந்நிதியில் பட்டர் புடவையை வாங்கித் திருவடியில் வைத்தார். "யார் பேருக்கு?" என்றார். "பூர நட்சத்திரம், சிம்ம ராசி" என்றேன். பேர் வரவில்லை. தொண்டையை அடைத்துக்கொண்டது. பின்னால் அத்தனை பேர் நெருக்கியும் அவர் என்னை அவசரப்படுத்தவில்லை.

அப்போதுதான் ஆண்டாளின் இடது கையில் கிளியைப் பார்த்தேன். பச்சை இலையில் அன்றன்றைக்குச் செய்கிற கிளி, மாதுளம்பூ மூக்கு. மூன்று வயதில் அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கிளிதான் வேணும் என்று பிராகாரம் முழுக்க அழுதாளே! கண்ணீர் மறைத்ததில் தாயார் முகமே கலங்கித் தெரிந்தது.

பெரியாழ்வாரும் துளசியடியில் கிடைத்த ஒரே பெண்ணை வளர்த்து, அரங்கனுக்குக் கொடுத்துவிட்டுத் தவித்தவர்தானே. அந்தத் தகப்பன் மனசுக்காக அல்லவா பெருமாள் பங்குனி உத்திரத்தன்று மாப்பிள்ளையாக இந்த ஊருக்கே வந்து, ரெங்கமன்னாராக நிற்கிறார்! பக்கத்திலேயே கைகூப்பி நிற்கிற கருடாழ்வாரிடம் கேட்டேன்: பெருமாளையே சுமந்து வந்தீரே, என் பிள்ளையையும் ஒரு தரம் கொண்டுவந்து விடக்கூடாதா?

பேரைச் சொல்லிவிட்டேன். அர்ச்சனை முடிந்ததும், கேட்காமலே தாயாருக்குச் சாத்திய துளசியில் ஒரு கொத்தை எடுத்துக் கையில் வைத்தார் பட்டர். தாயே, உனக்கு நான் என்ன செய்துவிட்டேன்? ஆறு வருஷம் கடனை இழுத்தடித்தவளுக்கு இவ்வளவு கருணையா!

ராத்திரி வீடு வந்ததும் கூப்பிட்டேன். அங்கே காலை. எடுத்த எடுப்பில், "கிளி இருந்துச்சாம்மா?" என்றாள்.

"இருந்துச்சு பாப்பா. மூக்கு செவசெவன்னு இருந்துச்சு."

துளசியைப் போனுக்கு நேரே தூக்கிக் காட்டினேன். பேத்தி அதைப் பிடிக்கக் கை நீட்டினாள்.